இரத்தக் கொதிப்பும் அட்ரீனல் சுரப்பியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



நமது பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய பாடம் ஒன்று உள்ளது. பிட்யூட்டரி, தைராய்டு, கணையம் என்று ஒவ்வொன்றாகப் படித்து, அட்ரீனல் சுரப்பிக்கு வரும்போது பலருக்கும் களைப்பு வந்துவிடுகிறது. பயமோ கோபமோ வந்தால் அட்ரீனலின் சுரக்கும், இதயம் படபடக்கும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அந்தச் சுரப்பியின் வெளிப்பகுதி சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் தினமும் பேசப்படும் பொருள் அது. என் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு. அதற்குக் காரணம் அவருடைய அட்ரீனல் சுரப்பிகள்.

முதலில் இந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் குல்லாய் வைத்தாற்போல் ஒவ்வொரு சுரப்பி அமர்ந்திருக்கிறது. ஒன்றின் எடை நான்கைந்து கிராம்தான். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பின் எடை என்று சொல்லலாம். இதை முதன்முதலில் விவரமாக எழுதியவர் பார்த்தலோமியோ யுஸ்தாக்கியோ என்ற உரோமாபுரி உடற்கூற்று அறிஞர். அது 16ஆம் நூற்றாண்டு. அவர் வரைவித்த செப்புத் தகட்டுப் படங்கள் அவர் இறந்து நெடுங்காலம் கழித்து, 1714ஆம் ஆண்டில், பாப்பரசரின் மருத்துவராக இருந்த லான்சிசி என்பவரால் அச்சிடப்பட்டன. இருந்தும் இந்தக் குல்லாய் எதற்காக இருக்கிறது என்பது வெகுகாலம் யாருக்கும் புரியவில்லை. 1855இல் தாமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர், இந்தச் சுரப்பி கெட்டுப் போனவர்கள் சோர்ந்து, மெலிந்து, இறந்து போகிறார்கள் என்று எழுதிய பிறகே, இஃது இல்லாமல் உயிர் வாழ முடியாது என்பது விளங்கத் தொடங்கியது.

ஆல்டோஸ்டீரோனின் வேலை உப்பைக் காப்பது. உடலில் உப்பு குறைந்தாலோ இரத்த அழுத்தம் தாழ்ந்தாலோ சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை இரத்தத்தில் விடுகிறது. ரெனின் வேறு சில பொருள்களை மாற்றி, அவற்றின் மூலம் அட்ரீனல் சுரப்பிக்குச் சேதி அனுப்புகிறது. உடனே ஆல்டோஸ்டீரோன் சுரக்கிறது. அது சிறுநீரகத்தினிடம், "சோடியத்தை வெளியே விடாதே, திருப்பி எடு" என்கிறது. சோடியம் உள்ளே வரும்போது அதற்கு மாற்றாகப் பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சோடியம் தங்கிய இடத்தில் நீரும் தங்கும். நீர் தங்கினால் இரத்தத்தின் அளவு கூடும், அழுத்தமும் ஏறும். போதுமான அழுத்தம் வந்ததும் சிறுநீரகம் ரெனினை நிறுத்திவிடும். சுரப்பியும் ஓய்ந்துவிடும்.

நம் வீடுகளில் மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுகிறோம் அல்லவா? தொட்டி நிறைந்ததும் யாராவது ஓடிப்போய் அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் ஒரு மோட்டார் தன்னிச்சையாக ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இந்த நோயில் நடப்பது அதுதான். ரெனின் அடங்கிக் கிடக்கிறது. சுரப்பியோ யார் சொல்லையும் கேளாமல் ஆல்டோஸ்டீரோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உப்பு உடலில் தங்குகிறது, பொட்டாசியம் வீணாகிறது, அழுத்தம் ஏறுகிறது.

இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்த கதையில் ஒரு பெண்மணி முக்கியமானவர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சில்வியா சிம்சன் என்பவர் விலங்கியல் படித்தவர். சைபீரியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் ஜேம்ஸ் டெய்ட் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து, அட்ரீனல் சாற்றில் உப்பைப் பிடித்து வைக்கும் பொருள் எது என்று தேடினார். அதற்கு முன்பே பல ஹார்மோன்களை அந்தச் சுரப்பியிலிருந்து எடுத்து, அதற்காக 1950இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். ஆனால் உப்பு விஷயத்தில் மிக வலிமையான பொருள் மட்டும் அகப்படவில்லை. பரிசு பெற்றவர்களில் ஒருவரான சுவிட்சர்லாந்தின் டேடியஸ் ரைக்ஸ்டைனும் இவர்களுடன் சேர்ந்துகொண்டார். நூற்றுக்கணக்கான கிலோ மாட்டு அட்ரீனல்களிலிருந்து சில மில்லிகிராம் படிகங்கள் கிடைத்தன. 1953இல் செய்தி வெளிவந்தது. பின்னர் சில்வியாவும் ஜேம்சும் மணந்துகொண்டார்கள். 1959இல் இருவருமே இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நம் புத்தகத்தில் இவர் பெயர் இல்லாதது எனக்கு வருத்தமே.

அடுத்தவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் ஜெரோம் கான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வெப்பமும் புழுக்கமும் உள்ள நாடுகளில் போர்வீரர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். சில நாட்களில் வியர்வையில் உப்பு குறைந்துவிடுகிறது என்று கண்டார். உடல் தன் உப்பை இறுக்கிப் பிடித்துக் கொள்கிறது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும் நமக்கும் அதுவே நடக்கிறது. 1954இல் 34 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். பல ஆண்டுகளாகக் கைகால் தசைகள் இழுத்துக்கொள்ளும். சில நேரம் கால்கள் செயலற்றுப் போகும். இரத்தக் கொதிப்பும் உண்டு. பொட்டாசியம் மிகக் குறைவு. கான் அவருடைய வியர்வையைச் சோதித்தார். அதில் உப்பு மிகவும் குறைவாக இருந்தது. வெயில் நாட்டுப் போர்வீரரைப் போல, இவர் உடலும் உப்பைப் பிடித்து வைத்திருந்தது. அட்ரீனலே காரணம் என்று முடிவு செய்து, இரண்டு சுரப்பிகளையும் எடுத்துவிடலாம் என்றே அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார்கள். டிசம்பர் மாதம் திறந்து பார்த்தபோது ஒரு சுரப்பியில் கட்டி இருந்தது. அதை மட்டும் எடுத்தார்கள். அப்பெண்ணின் கொதிப்பு இறங்கியது, பொட்டாசியம் சீரானது. அன்றிலிருந்து இந்நோய்க்குக் கான் நோய் என்ற பெயரும் உண்டு.

இனி என் அம்மாவைப் பற்றி. அவருக்கு 36 வயதில் இரத்த அழுத்தம் 170/110 என்று தெரிந்தது. 140/90க்கு மேல் போனாலே கொதிப்பு என்கிறார்கள். ஒரு மாத்திரை கொடுத்தார்கள், பிறகு இரண்டு, பிறகு மூன்று. இறங்கவில்லை. நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. காசிமேட்டுத் துறைமுகம் பக்கத்தில்தான் உள்ளது. ஆகவே பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: "கருவாடு சாப்பிட்டால் கொதிப்பு வராமல் என்ன செய்யும்?" அம்மா ஓராண்டு முழுவதும் கருவாட்டைத் தொடவில்லை. ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் விட்டார். கொதிப்பு 160/100க்குக் கீழே வரவில்லை. "ரகசியமாகச் சாப்பிடுகிறாயா?" என்று ஒரு கிளினிக்கில் கேட்டதுதான் அம்மாவுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது. இன்னொருவர், "ஏம்மா, வீட்ல ரொம்ப டென்ஷனா?" என்றார். எதிர்வீட்டு அக்கா, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று தானே முடிவு கட்டிவிட்டார்.

இரவில் அம்மாவுக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்ளும். நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்து போவார். பகலெல்லாம் சோர்வு. எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது இரண்டாம் மாடிப்படியில் கால்கள் இரண்டும் துவண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் 2.7 இருந்தது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டுமாம். தசைகள் இயங்கப் பொட்டாசியம் வேண்டும். இதயமும் ஒரு தசைதான் என்பதால், அது மிகவும் குறைந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். அம்மாவை அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா இரண்டே செய்திகளைச் சேர்த்துப் பார்த்தார். மூன்று மாத்திரைக்கும் அடங்காத கொதிப்பு ஒன்று, குறைந்த பொட்டாசியம் மற்றொன்று. இரத்தத்தில் ஆல்டோஸ்டீரோன் எவ்வளவு, ரெனின் எவ்வளவு என்று காலை வேளையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நான் மேலே சொன்ன மோட்டார்க் கணக்கை வைத்துப் பாருங்கள். முதலாவது கூடியும் இரண்டாவது தாழ்ந்தும் இருந்தால் சுரப்பி தன்னிச்சையாக ஓடுகிறது என்று பொருள். அம்மாவுக்கு அப்படியே இருந்தது. சில இரத்தக்கொதிப்பு மாத்திரைகள் இந்தக் கணக்கைக் குழப்பும் என்பதால், தேவைப்பட்டால் டாக்டரே அவற்றைச் சில வாரங்களுக்கு மாற்றிக் கொடுப்பார். நாமாக நிறுத்தக் கூடாது.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணமாக இருந்தால், வயிற்றில் சிறு துளைகள் போட்டு அதை எடுத்துவிடலாம். மற்றொரு சுரப்பி உடலுக்குப் போதும். இரண்டு பக்கமும் காரணம் என்றால் அறுவை சிகிச்சை இல்லை, மாத்திரைதான். எந்தப் பக்கம் என்று ஐயம் இருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயை அனுப்பி இரு சுரப்பிகளின் சிரைகளிலிருந்தும் இரத்தம் எடுத்து ஒப்பிடும் சோதனை இருக்கிறது. அதற்கு மிகுந்த பயிற்சி வேண்டும், எல்லா ஊர்களிலும் கிடைக்காது. அம்மாவுக்கு இரண்டு பக்கமும் என்றே முடிவாயிற்று. அறுவை சிகிச்சை இல்லை என்றதும் ஆயா மெழுகுவர்த்தி ஏற்றினார். அம்மாவோ ஏமாந்து போனார். ஒரே நாளில் வெட்டி எறிந்துவிட்டால் முடிந்தது என்று அவர் நினைத்திருந்தார். இது ஆயுள் முழுவதும் கூடவே வரும் என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு நாளாயிற்று.

ஸ்பைரனோலாக்டோன் என்பது அவருடைய மாத்திரையின் பெயர். ஆல்டோஸ்டீரோன் சிறுநீரகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை இது முன்னரே சென்று அடைத்துக்கொள்கிறது. சுரப்பி எவ்வளவு கத்தினாலும் சிறுநீரகத்தின் காதில் விழாது. ஒரே நாளில் பலன் தெரியாது, வாரக்கணக்கில் ஆகும். ஆண்களுக்கு இம்மாத்திரையால் மார்பில் வீக்கமும் வலியும் வரலாம். அவர்களுக்கு எப்லெரனோன் என்ற வேறு மாத்திரை உண்டு, விலை சற்றுக் கூடுதல். அம்மாவுக்கு இரண்டு மாதத்தில் கொதிப்பு 130/84க்கு வந்தது. பழைய மூன்று மாத்திரைகளில் இரண்டை நிறுத்திவிட்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நோய் தெரிந்த புதிதில், "வாழைப்பழம் சாப்பிடுங்கள், இளநீர் குடியுங்கள்" என்று அம்மாவுக்குச் சொன்னார்கள். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. மாத்திரை பிடித்துக்கொண்ட பிறகு அதே டாக்டரம்மா, "இளநீரை இஷ்டத்துக்குக் குடிக்காதீர்கள்" என்றார். அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. காரணம் இதுதான்: இம்மாத்திரை பொட்டாசியத்தை உடலில் நிறுத்தி வைக்கும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் இதயத்துக்கு ஆபத்து. அதனால்தான் சில மாதங்களுக்கு ஒரு முறை பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். வாந்தி, பேதி வந்தாலும் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் உடனே கேட்க வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகள் பல, கொதிப்பையும் ஏற்றும், பொட்டாசியத்தையும் ஏற்றும். கடைகளில் இப்போது விற்கும் சோடியம் குறைந்த உப்பும் அப்படியே. சோடியத்தைக் குறைக்க அதில் பொட்டாசியத்தைக் கலந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். இம்மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது. நல்லது செய்வதாக நினைத்து என் அத்தை ஒரு கிலோ வாங்கி வந்தார். அது அத்தை வீட்டுக்கே திரும்பிப் போயிற்று.

அப்படியானால் கருவாட்டைச் சொன்னவர்கள் சொன்னது பொய்யா? முழுப் பொய் அல்ல. உடல் உப்பைப் பிடித்து வைக்கும்போது, நாம் மேலும் மேலும் போட்டால் கெடுதல்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் ஊர்ச் சமையலில் அது எளிதில் தாண்டிவிடுகிறது. இன்றும் அம்மா குழம்பைத் தாளித்ததும் தனக்கு உப்பில்லாமல் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு உப்புப் போடுகிறார். ஆனால் உப்பை நிறுத்தியும் இறங்காத கொதிப்பைக் கண்டால், நோயாளியைக் குற்றம் சாட்டுவதற்கு முன் இரத்தத்தைச் சோதித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்நோய் அபூர்வம் என்றே முன்பெல்லாம் எண்ணினார்கள். பொட்டாசியம் குறைந்தவர்களிடம் மட்டும் தேடியதால் அப்படித் தோன்றியது. உண்மையில் இந்நோயுள்ள பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கிறது. இப்போதைய கணக்குப்படி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது காரணம். பல மாத்திரைகளுக்கும் அடங்காதவர்களிடம் இன்னும் அதிகம். நம் தெரு வழியே போகும் பேருந்தில் கொதிப்புள்ள 60 பேரை ஏற்றினால், அவர்களில் மூன்று முதல் ஆறு பேர் என் அம்மாவைப் போன்றவர்கள். ஒரே அளவு கொதிப்புள்ள இருவரில், ஆல்டோஸ்டீரோன் மிகுந்தவருக்கே பக்கவாதமும் இதயத்துடிப்புக் கோளாறும் சிறுநீரகக் கேடும் வரும் வாய்ப்பு அதிகம். அந்த ஹார்மோன் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் நேராகவே கெடுக்கிறது. 2025இல் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி, இரத்தக் கொதிப்பு உள்ள எல்லோருக்குமே இச்சோதனையைச் செய்யலாம் என்று பரிந்துரை வெளியிட்டது. நம் நாட்டில் சோதனைச் செலவு எல்லோருக்கும் கட்டுமா என்பது வேறு விஷயம். இளம் வயதில் கொதிப்பு வந்தவர்களுக்கும், மூன்று மாத்திரைக்கும் அடங்காதவர்களுக்கும், பொட்டாசியம் குறைந்தவர்களுக்குமாவது கட்டாயம் செய்யலாமே!

நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். இருமலுக்கு அதிமதுரம் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். எங்கள் ஆயா அதில் கைதேர்ந்தவர். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் என்னும் பொருளை அதிக அளவில் பல நாட்கள் உட்கொண்டால், ஆல்டோஸ்டீரோன் மிகுந்தது போலவே உப்பு தங்கி, பொட்டாசியம் குறைந்து, கொதிப்பு ஏறும். சுரப்பியில் குற்றமே இருக்காது. வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது நோயாளிகளுக்கு உடல் வீங்கியதை நெதர்லாந்து மருத்துவர் ஒருவர் 1940களிலேயே கண்டு எழுதினார். டாக்டரம்மா முதல் நாளே, "அதிமதுரம் சாப்பிடுவதுண்டா?" என்று கேட்டது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. ஆயாவின் டப்பா இப்போது அம்மாவுக்கு எட்டாத அலமாரியில் இருக்கிறது.

அட்ரீனலால் வரும் கொதிப்பு இன்னும் இரண்டு வகை உண்டு. சுரப்பியின் உட்பகுதியில் கட்டி வந்து அட்ரீனலின் வகை ஹார்மோன்கள் மிகுந்தால், திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு ஆகியவற்றோடு கொதிப்பு ஏறும். கார்ட்டிசால் மிகுந்தால் முகம் நிலாப்போல் உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலியும். ஸ்டீராய்டு மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் பல மாதம் விழுங்குகிறவர்களுக்கும் இந்த நிலை வரும்.

வீட்டில் கொதிப்புப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம். அம்மா ஐந்து நிமிடம் பேசாமல் நாற்காலியில் சாய்ந்து உட்கார வேண்டும். (எங்கள் வீட்டில் கடினமான பகுதி இதுதான்!) பாதங்கள் தரையில் படிய வேண்டும், கை மேசை மீது நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும், பட்டையைத் துணியின் மேல் சுற்றக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை எடுத்து, இரண்டையும் நோட்டில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டரம்மா முதலில் அந்த நோட்டைத்தான் கேட்கிறார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் பலர் அப்படிப் பெற்றார்கள். அந்த ஊழியர் அக்காவிடம் அம்மா தன் கதையைச் சொல்ல, அவர் தன் பட்டியலில் மூன்று மாத்திரைக்கும் அடங்காத இருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவர்களில் ஒருவர் அம்மாவை டென்ஷன்காரி என்று சொன்ன அதே எதிர்வீட்டு அக்கா. சோதனையில் அவருக்கு இந்நோய் இல்லை என்று வந்தது. இப்போது இருவரும் சேர்ந்தே மாத்திரை வாங்கப் போகிறார்கள்.

"எனக்கும் வருமா?" என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பரம்பரையாக வரும் வகை மிகக் குறைவு, பெரும்பாலும் அப்படி வருவதில்லை என்றார். ஆனால் அம்மாவின் உடன்பிறந்தவர்களிலோ பிள்ளைகளிலோ யாருக்காவது கொதிப்பு வந்தால், முதலில் இச்சோதனையைச் செய்துவிட வேண்டும் என்று சொல்லி, என் கையிலும் பட்டையைச் சுற்றினார். 108/70. தம்பிக்கு 100/64. ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் இருவருக்கும் பார்க்க வேண்டுமென்று அம்மாவின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அடுத்தது வரும் ஜூன் மாதம்.